அத்தையின் அருவிப் பக்கம்

நம் வயதுக்காரர்களுக்கு மட்டும் இதைச் சொல்கிறேன். பிள்ளைகளிடம் சொன்னால் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள், சொல்லிப் பார்த்து அனுபவப்பட்டுவிட்டேன். ஒரு காலத்தில் இன்டர்நெட்டில் போட வேண்டியதை நாங்கள் டிபன் பாக்ஸில் வைத்து, மேலே ஒரு கர்ச்சீப்பைச் சுற்றி, குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு டவுன் பஸ்ஸில் கொண்டுபோனோம். உங்களில் ஃபிளாப்பியைக் கையில் பிடித்தவர்கள் இருப்பீர்கள். சாரல் பட்டால் போச்சு. டிபன் பாக்ஸ்தான் அதற்குத் தோது. சில நாள் அதில் புளியோதரை வாசம் அடிக்கும், அதற்காக இன்டர்நெட் கோபித்துக்கொண்டதில்லை.

ஐந்தருவி ரோட்டில் அப்பா ஒரு லாட்ஜ் வைத்திருந்தார். பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மேலும் கீழுமாகச் சில அறைகள், முன்னால் ஆபீஸ் ரூம், பின்னால் எங்கள் வீடு. சீசன் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் எதுவும் காயாது. படுக்கை விரிப்பு, துண்டு, என் யூனிஃபார்ம் எல்லாவற்றிலும் ஈர வாடை. கரி அடுப்பின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் அம்மா துணியைப் போட்டு வைப்பாள். புகை வாசத்தோடு பள்ளிக்கூடம் போவேன். வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் வந்தார்கள், அதனால் யாரும் யாரையும் கேலி செய்யவில்லை.

சீசனில் ஆபீஸ் ரூம் போன் ஓயாது. கேட்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்வி.

"தண்ணி விழுதா?"

அப்பாவுக்கும் ஒரே பதில். "விழுது, விழுது. கிளம்பி வாங்க."

அருவியில் வெள்ளமோ, வெறும் பாறையோ, பதில் மாறாது. அப்பா மட்டுமில்லை, அந்த ரோட்டில் போன் வைத்திருந்த எல்லா லாட்ஜ்காரர்களும் அதைத்தான் சொன்னார்கள். விழவில்லை என்று சொல்வது கல்யாண வீட்டில் அபசகுனமாகப் பேசுவதற்குச் சமம். அம்மாவுக்குத்தான் பொறுக்காது.

"ஏன் இப்படிப் புளுகுதிய?"

"நான் எங்க புளுகுனேன்? நாளைக்கு விழப்போறத இன்னைக்கே சொல்லுதேன். அவன் வந்து சேருததுக்குள்ள மலையில பெஞ்சிரும்."

பல தடவை அப்படியே பெய்தும் தொலைத்தது. என்ன செய்ய!

எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்த ஆனி மாதத்தில் அப்பாவின் தங்கை, என் அத்தை, ஒரு பையோடு வந்து இறங்கினாள். அத்தையைப் புளியங்குடியில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாமாவுக்கு அங்கே எலுமிச்சம்பழக் கமிஷன் கடை. அத்தை ஏன் வந்தாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவளுடைய இடது கையில் முழங்கை வரைக்கும் கருத்த தழும்புகள் இருந்தன. அடுப்பில் சுட்டுக்கொண்டாள் என்றார்கள், நானும் நம்பினேன். ஒரே கையில் அத்தனை இடத்தில் எந்த அடுப்பு சுடும் என்று கேட்க எனக்கு வயது போதாது. வயது போதுமானவர்களும் கேட்கவில்லை.

அப்பாவைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கச்சி என்றால் அவருக்கு உயிர். அவளுக்குப் பிடிக்கும் என்று மங்குஸ்தான் பழத்தைத் தேடிப் பிடித்து வாங்கி வருவார். ஆனால் பெண் வந்து தங்கிவிட்டால் ஊர் என்ன பேசும் என்ற பயம் அந்த உயிரையும் விடப் பெரிதாக இருந்தது. "சீசன் முடியற மட்டும் இரு. அப்புறம் மாப்ளைய வரச் சொல்லி அனுப்பி வைக்கேன். கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்" என்றார். அத்தை பழத்தின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். நகமெல்லாம் கருஞ்சிவப்பு.

ஆபீஸ் ரூமில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அண்ணன் படிப்பதற்கென்று வாங்கியது. அவன் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போன பிறகு அதற்குப் பூப்போட்ட பிளாஸ்டிக் உறை மாட்டி, மேலே ஊதுபத்தி ஸ்டாண்டை வைத்துவிட்டார்கள். அத்தைக்கு டைப் அடிக்கத் தெரியும், கல்யாணத்துக்கு முன்னால் தென்காசியில் ஏதோ கம்ப்யூட்டர் கோர்ஸும் போயிருந்தாள். அண்ணன் விட்டுப்போன பத்திரிகைகளில் ஒன்றோடு ஒரு சிடி ஒட்டியிருந்தது. வலைப்பக்கம் செய்கிற மென்பொருள். கம்ப்யூட்டர் பாஷையில் ஒரு வரிகூட எழுத வேண்டாம், கண்ணால் பார்ப்பதே பக்கம் என்று அதன் உறையில் போட்டிருந்தது.

அதை முதலில் திறந்த மத்தியானத்தை என்னால் மறக்க முடியாது. வெளியே சாரல், உள்ளே வெள்ளைவெளேரென்று ஒரு தாள் திரையில் வந்து நின்றது. அத்தை லாட்ஜ் பேரை அடித்தாள். எழுத்தைப் பிடித்துப் பெரிசாக்கினாள். நான் பச்சை என்றேன், அவள் நீலம் என்றாள், கடைசியில் எழுத்துக்கு ஒரு நிறம் என்று முடிந்தது. அருவிப் படத்தை மவுஸால் பிடித்து இழுத்து நடுவில் விட்டால் அது அங்கேயே உட்கார்ந்துகொண்டது. "ஏட்டி, சொன்ன பேச்சக் கேக்குது பாரு!" என்று அத்தை கை தட்டினாள். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் சத்தமாகப் பேசியது அன்றைக்குத்தான். தெரியாமல் எதையோ அமுக்கிவிட்டோம், பக்கம் மறைந்து அடைப்புக்குறியும் கோடுமாகத் திரை நிரம்பியது. பூவேலை செய்த துணியைத் திருப்பிப் போட்டது போல முடிச்சும் நூலுமாக இருந்தது. "ஐயோ, கெட்டுப் போச்சு!" என்று இரண்டு பேரும் அலறினோம். மறுபடி அமுக்கினால் பக்கம் பத்திரமாகத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பின்பக்கத்தை அத்தை அடிக்கடி எட்டிப் பார்ப்பாள். எனக்குப் பயம்.

பக்கம் முடிந்த அன்று அத்தை அப்பாவிடம் போய் நின்றாள்.

"அண்ணே, இதப் பாத்துட்டு லாட்ஜுக்கு ஆள் வந்தா நான் இங்கனயே இருந்துக்கிடவா? இதையே வேலையாப் பாத்துக்கிடுதேன். உங்களுக்குப் பாரமா இருக்க மாட்டேன்."

அப்பா சிரித்தார். டிவி பெட்டி மாதிரி இருக்கிற சாமானைப் பார்த்துவிட்டு எவன் ரூம் போடப் போகிறான் என்று நினைத்திருப்பார். "சரி, சீசன் பூரா ஆள் வந்தா இரு. வரலன்னா சத்தம் காட்டாமக் கிளம்பிரணும், சரியா?"

"சரி" என்றாள் அத்தை. நான் கதவோரம் நின்று அதைக் கேட்டேன். அந்த நிமிஷத்திலிருந்து அது என் கவலையும் ஆகிவிட்டது. அத்தை போய்விடக் கூடாது. எனக்கு வேறு எதுவும் தெரியாது, அது மட்டும் தெரியும்.

லாட்ஜ் போனை இன்டர்நெட்டுக்குக் கொடுத்தால் வருகிற போன் போய்விடும் என்று அப்பா சம்மதிக்கவில்லை. ஆகவேதான் டிபன் பாக்ஸ். தென்காசியில் ஒரு பிரவுசிங் சென்டரில் பக்கத்தை ஏற்றிவிட்டு, அடுத்த நாள் அப்பாவைக் கையோடு கூட்டிப்போனோம். அப்பா சும்மா வருவாரா? எதிர் லாட்ஜ் அண்ணாச்சியையும் பெருமையாகச் சேர்த்துக்கொண்டார். பக்கம் மெதுவாக, மேலிருந்து இறங்கி வந்தது. லாட்ஜ் பேர் வந்தது. கலர் எழுத்து வந்தது. அருவி இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு வெறுங்கட்டம், அதற்குள் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. கீழே இன்னொரு கட்டம், அதற்குள்ளும் சிவப்புக் குறி.

"என்னம்மா, எல்லாத்துக்கும் வாத்தியார் தப்புப் போட்டிருக்காரு?" என்றார் எதிர் லாட்ஜ் அண்ணாச்சி. அப்பாவின் முகம் சுண்டிவிட்டது. திரும்பும்போது எங்களை விட்டுத் தள்ளி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். அத்தை அழவில்லை. ஜன்னல் வழியாகத் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டே வந்தவள் திடீரென்று என் தொடையில் ஒரு போடு போட்டாள்.

"ஏட்டி, படம் நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர்லல்லா இருக்கு! பேஜ மட்டும் கொண்டாந்து ஏத்திட்டு, படத்த வீட்லயே விட்டுட்டு வந்துட்டோம். சாவிய உள்ள வச்சுப் பூட்டுன கதைதான்."

வீட்டில் பார்த்தபோது எல்லாம் சரியாகத் தெரிந்ததற்குக் காரணம், படம் வீட்டில் இருந்ததுதான். கண்ணால் பார்ப்பதே பக்கம் என்று உறையில் போட்டவன் யார் வீட்டிலிருந்து பார்ப்பது என்று போடவில்லை. சரி, படத்தையும் எடுத்துப் போகலாம் என்றால், ஸ்டுடியோவில் ஸ்கேன் செய்து சிடியில் வாங்கிய படத்தைப் போட பிரவுசிங் சென்டரில் வசதி இல்லை, ஃபிளாப்பிக்குள்ளும் அது அடங்கவில்லை. எவ்வளவு திணித்தும் இடமில்லை என்றது. "சவத்தத் தள்ளு. படம் வேண்டாம், எழுதிருவோம்" என்றாள் அத்தை.

அப்படித்தான் அந்தப் பக்கம் பிறந்தது. தமிழ் எழுத்தில் அடித்தால் வெளியூர்க் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகத் தெரியும் என்பதால் தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் அடித்தோம். எழுதினது பூராவும் நாம் பேசுகிற மாதிரி. "இன்னைக்கு மெயின் அருவியில தண்ணி நல்லா விழுது. பொம்பளைங்க பக்கம் கூட்டம் கம்மி. ஐந்தருவியில குரங்கு தொல்லை ஜாஸ்தி, சிப்ஸ் பாக்கெட்டக் கையில வச்சுக்கிடாதிய." காலையில் நானும் அத்தையும் அருவிக்கு நடப்போம், குளிப்போம், தலை ஈரத்தோடு வந்து அவள் அடிப்பாள். பிறகு ஒரே பஸ்ஸில் தென்காசி. நான் பள்ளிக்கூடத்துக்கு, அவள் பிரவுசிங் சென்டருக்கு.

முதலில் வந்தது மதுரையிலிருந்து ஒரு புருஷன் பொண்டாட்டி. ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடும்போது அந்த அம்மா, "பேஜ் பாத்தோம். குரங்கு மேட்டர் நல்லா இருந்துச்சு" என்றாள். அத்தை அறைச் சாவியை மாற்றிக் கொடுத்துவிட்டாள், அவ்வளவு பதற்றம். அதற்குப் பிறகு சென்னையிலிருந்து, பெங்களூரிலிருந்து, ஆபீஸில் இன்டர்நெட் இருக்கிறவர்கள் என்று வந்தார்கள். அப்பா ஊதுபத்தி ஸ்டாண்டை எடுத்து டிவி மேல் வைத்துவிட்டார். அத்தை இங்கேயே இருந்துவிடுவாள் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

ஆடியில் மழை நின்றுவிட்டது. சாரலும் இல்லை, வெயில் சுள்ளென்று அடித்தது. மெயின் அருவி நூலாகி, நூலும் அறுந்தது. அப்பாவின் போன் மட்டும் விழுது, விழுது என்றது. அதை நம்பி ஒரு குடும்பம் வேன் பிடித்து வெகு தூரத்திலிருந்து வந்தது. வந்ததும் வராததுமாக எல்லாரும் தலை நிறைய எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போனார்கள். நானும் அத்தையும் அந்தப் பக்கம் போனபோது பெரியவர், சின்னப் பிள்ளைகள் எல்லாரும் காது வழியாக எண்ணெய் வழிய, காய்ந்த பாறையை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பிள்ளை அழ ஆரம்பித்ததும் சிரிப்பு போய்விட்டது. கடைசியில் லாட்ஜ் பாத்ரூமில் வாளித் தண்ணீரில் சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டுப் போனார்கள். யாரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று அத்தை கம்ப்யூட்டர் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அடித்தாள். "அருவியில சொட்டுத் தண்ணி இல்ல. இப்ப வராதிய. யாரு விழுதுன்னு சொன்னாலும் நம்பாதிய. விழும்போது நானே எழுதுதேன்."

அம்மா படித்துப் பார்த்துவிட்டு அரண்டு போனாள். "கோட்டி பிடிச்சிருக்கா உனக்கு? ஆள் வரலன்னா உன்னையல்லா அனுப்பிருவாங்க?"

"மைனி, மாப்ள தங்கம்னு எங்கிட்டயும் இப்படித்தான் சொன்னாங்க. நம்பித்தான போனேன்?"

அந்த மாப்பிள்ளையைப் பார்த்துப் பேசி முடித்துத் தங்கம் என்று சொன்னது அப்பாதான்.

மூன்றாம் நாளே எதிர் லாட்ஜ் அண்ணாச்சி படி ஏறி வந்துவிட்டார். அவருடைய லாட்ஜில் ரூம் போட்டிருந்த ஒரு கூட்டம், அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டதாம். "உங்க வீட்டுப் பொம்பள ஊர்ச் சோத்துல மண்ண அள்ளிப் போடுதா. கேக்க ஆளில்லையா?" என்று ரோடு கேட்கச் சத்தம் போட்டார். அப்பா அவரிடம் கையெடுத்துக் கும்பிடாத குறை. அவர் போனதும் கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கி, பிளாஸ்டிக் உறையை இழுத்து மாட்டினார்.

"ஏட்டி, இனிமே நீ வாசப்படி தாண்டக் கூடாது. மாப்ளைக்கு போன் போடுதேன்."

அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அப்பாமேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல, இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவே இல்லை என்பது இன்னும் கோபம்.

பாருங்கள் கூத்தை! மாமாவுக்கு போன் போட்ட அன்றே மேற்கே கறுத்தது. மலையில் விடாமல் பெய்தது. மாமா ஒரு சாக்குப்பை எலுமிச்சம்பழத்தோடு வந்து இறங்கியபோது ரோடெல்லாம் தண்ணீர். ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து, நல்ல பிள்ளையாக, குரலை உயர்த்தாமல் பேசினார். பழத்தில் ஒன்றை எடுத்து எனக்கு முகர்ந்து பார்க்கக் கொடுத்தார். அம்மா காபி கொடுத்தாள். அத்தையின் பை கதவருகே தயாராக இருந்தது. அத்தை இடது கையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நின்றாள்.

போன் அடித்தது. அப்பா எடுத்தார்.

"விழுது, விழுது. கிளம்பி வாங்க."

எங்கள் போனில் எதிர்ப்பக்கம் பேசுவது அறை முழுக்கக் கேட்கும். ஒரு பெண் குரல். "நீங்க சொல்றது இருக்கட்டும் சார். அந்த பேஜ் எழுதுற அம்மா இருக்காங்களா? நாலு நாளா ஒண்ணும் எழுதலையே. உடம்புக்கு ஏதுமா?"

"அது... இல்ல. நான்தான் ஓனரு. தண்ணி நல்லா விழுது."

"அவங்க விழுதுன்னு சொல்லட்டும் சார், நாங்க கிளம்புறோம். போன தடவை வராதீங்கன்னு அவங்க மட்டும்தான் உண்மைய எழுதினாங்க."

அப்பா ரிசீவரை வைத்தார். வைத்த கையை எடுப்பதற்குள் மறுபடி மணி. இந்தத் தடவை ஒரு ஆண் குரல், அதே கேள்வி. அந்தம்மா எங்கே? அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தன் லாட்ஜில், தன் போனில், தன் வாக்குக்கு மதிப்பில்லை என்பது அந்த மனுஷனுக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தையைப் பார்த்தார்.

"விழுதாட்டி?"

"எனக்கு எப்படித் தெரியும் அண்ணே? வாசப்படி தாண்டக் கூடாதுன்னுல்லா சொன்னிய. பாக்காம நான் சொல்ல மாட்டேன்."

மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி சரி, கிளம்பு. பஸ் போயிரும்."

"மாப்ள, செத்த இருங்க" என்று சொல்லிவிட்டு அப்பா எழுந்தார். குடையைக்கூட எடுக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். எங்கே போகிறார் என்று யாருக்கும் புரியவில்லை. நாங்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காத்திருந்தோம். மாமா மட்டும் அத்தையைப் பார்த்து மெதுவாக ஏதோ சொன்னார். அத்தையின் முகம் வெளிறிப் போனதை நான் பார்த்தேன். அந்த வார்த்தை என் காதில் விழாமல் போனதற்கு இன்றைக்கும் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன்.

அப்பா திரும்பி வந்தபோது தலையிலிருந்து கால் வரை சொட்டியது. மூச்சு வாங்கியது. நேராக கம்ப்யூட்டரிடம் போய் உறையை உருவி எறிந்துவிட்டு வயரைச் சொருகினார்.

"ஆம்பளைங்க பக்கம் போலீஸ் கயிறு கட்டிட்டான், வெள்ளம் அப்படி வருது. பொம்பளைங்க பக்கம் ஓரமா நின்னு குளிக்கலாம். ஐந்தருவியில யாரையும் விடல. நான் கிட்டத்துல போய் என் கண்ணால பாத்துட்டு வாரேன். ம், எழுது."

அத்தை நகரவில்லை.

"எழுதுட்டி. பஸ்ஸுக்கு நிக்க வேண்டாம், ஸ்கூட்டர்ல நானே தென்காசிக்குக் கொண்டு விடுதேன்." பிறகு மாமா பக்கம் திரும்பினார். "மாப்ள, அவ வரமாட்டா. இந்த சீசன் முடிஞ்சாலும் வரமாட்டா. நீங்க காபியக் குடிச்சிட்டுக் கிளம்புங்க."

மாமா எழுந்து நின்று ஏதேதோ பேசினார். பஞ்சாயத்து, மானம், ஊர் சிரிக்கும் என்றெல்லாம். அப்பா காதிலேயே வாங்கவில்லை. அத்தை பின்னால் நின்று, "அண்ணே, வெள்ளம்னு பெருசா போடட்டுமா?" என்று கேட்டதற்கு, "சிவப்பாப் போடு" என்றார்.

ஊர் பேசத்தான் செய்தது. எதிர் லாட்ஜ் அண்ணாச்சி கொஞ்ச காலம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார், பிறகு தன் லாட்ஜுக்கும் ஒரு பக்கம் வேண்டும் என்று அத்தையிடமே வந்து நின்றார். அந்த ஃபிளாப்பிகள் எங்கே போயின என்று தெரியவில்லை. அந்தப் பக்கத்துக்கு இலவசமாக இடம் கொடுத்த தளம் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மூடிப் போனது. நான் இன்று பார்க்கிற வேலைக்கு அந்த ஆபீஸ் ரூமில்தான் பிள்ளையார் சுழி போட்டேன். அத்தைக்கும், கம்ப்யூட்டர் பாஷை தெரியாத இரண்டு பேரை நம்பித் தன்னைத் தொட்டுப் பார்க்க விட்ட அந்த மென்பொருளுக்கும், நனைந்து வந்த அப்பாவுக்கும் நான் கடன்பட்டவள். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அன்று அத்தை ஃபிளாப்பியை டிபன் பாக்ஸில் போட்டு மடியில் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினாள். மழையில் அப்பாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு அவள் போவதை மாமா வாசலில் நின்று பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாப்பைப் பார்க்க நடந்தார். எலுமிச்சம்பழச் சாக்கை மறந்துவிட்டுப் போனார். அம்மா அதை ஊறுகாய் போட உட்கார்ந்துவிட்டாள்.

கதவருகே இருந்த பையை நான் உள்ளே தூக்கிக்கொண்டு போனேன். ஜிப்பைத் திறந்து, அத்தையின் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, என் அலமாரியில் பாதியைக் காலி செய்து அடுக்கி வைத்தேன். அவ்வளவு சந்தோஷமாக இன்னொரு வேலையை என் வாழ்நாளில் நான் செய்ததில்லை.